அரசாயி அடைத்த ஓட்டை

கருங்குட்டைக் காட்டில் விலங்குகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தலைமை ஆசிரியர் ஒரு கொக்கு. வெளுத்த வேட்டி மாதிரி எப்போதும் பளிச்சென்று இருப்பார். ஒற்றைக் காலில் நின்றபடியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுவார். இரண்டு காலையும் ஊன்றி அவர் ஒரு முடிவு எடுத்ததை யாரும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு மைதானம். அந்தக் காட்டிலேயே சமதளமான இடம் அது ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் பாறையும் சரிவும் உண்ணிச்செடிப் புதரும். குட்டிகள் கால் நீட்டி ஓட வேண்டுமென்றால் அங்கேதான் ஓட வேண்டும். பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே அந்த மைதானம் இருந்தது. கொக்கு வந்த பிறகுதான் அதைச் சுற்றி மூங்கில் வேலி வந்தது. வேலிக்கு ஒரு கதவு வந்தது. கதவுக்கு ஒரு பூட்டும் வந்தது.

சாயங்கால மணி அடித்ததும் பூட்டு விழுந்துவிடும்.

"பள்ளி நேரத்தில் ஓடட்டுமே!" என்பீர்கள். எங்கே ஓடுவது? காலையில் பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியாகப் போய் ஒரு மூலையில் வரிசையாக நின்று வணக்கம் சொல்லுவார்கள். அதோடு சரி. வாரத்துக்கு ஒரு விளையாட்டுப் பீரியட் இருந்தது. அதையும் கணக்கு வாத்தியார் ஆந்தை, "பாடம் முடியவில்லை" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். பிள்ளைகள் சன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுவார்கள்.

பூட்டுக்கு ஒரு காரணமும் இருந்தது. முன்பொரு சாயங்காலம் ஒரு காட்டுப்பன்றிக் குட்டி அங்கே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது. தகப்பன் பன்றி வாசலில் வந்து நின்று ஒரு பகல் முழுக்கக் கத்தியது. "உன்னை நம்பித்தானே அனுப்பினேன்? நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டது. அன்றைக்குச் சுருங்கிய கொக்கின் கழுத்து அப்புறம் நிமிரவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கெட்டவர் கையில் சாவி இருந்தாலாவது அவர் அசரும் நேரம் பார்த்துத் திறக்கலாம். பயந்தவர் அசருவதே இல்லை.

ஆனால் வேலியில் ஒரு ஓட்டை இருந்தது. நாவல் மரத்தடியில், மூங்கிலுக்கும் மண்ணுக்கும் நடுவில், ஒரு முயல் நுழையும் அளவுக்கு. பூட்டு விழுந்ததும் முயல்குட்டி, கீரிக்குட்டி, அணில்குட்டி எல்லாம் அதன் வழியே உள்ளே போய்விடும். இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடும்.

காவலுக்கு ஒரு முள்ளம்பன்றி இருந்தது. குட்டிகள் நுழைகிற நேரத்தில் அது வேலிக்கு முதுகைக் காட்டி உட்காரும். ஒரு கிழங்கை எடுத்துக் கறுக் கறுக் என்று சத்தமாகத் தின்னும். காதில் எதுவும் விழுந்துவிடக் கூடாதே! காடு முழுக்க இது தெரியும். யாரும் பேசிக்கொள்வதில்லை.

அந்தக் குட்டிகளில் ஒருத்தி மொட்டு. அரசாயி என்ற முயலின் மகள். மொட்டுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் போன பனிக்காலத்தில் செந்நாய்கள் கொண்டுபோய்விட்டன. அரசாயிக்கு மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான்.

செந்நாயிடமிருந்து முயல் தப்ப ஒரே வழிதான் உண்டு. நேராக ஓட வேண்டும். நாயின் மூச்சு முதுகில் படும்போது சட்டென்று பக்கவாட்டில் வெட்டித் திரும்ப வேண்டும். நாய் வந்த வேகத்தில் நேரே போய்விடும். இந்தத் திருப்பத்தை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய முடியாது. தினமும் ஓடி, தினமும் விழுந்து, காலுக்குப் பழக வேண்டும். மொட்டு நேராக நன்றாக ஓடுவாள். திரும்பும்போது குப்புற விழுவாள்.

அரசாயி வேலிக்கு வெளியே உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அம்மா! இன்னைக்கு மூணு தடவ விழாம திரும்பிட்டேன்!"

"எத்தனையில மூணு?"

"பத்துல!"

"சரி. நாளைக்கு நாலு தடவ திரும்பணும்!"

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு நாள் அந்தப் பக்கம் மைனா வந்தது.

மைனாவுக்கு நியாயம் என்றால் உயிர். கூட்டம் என்றால் அதைவிட உயிர். ஓட்டையில் நுழைய முடியாமல் வேலிக்கு வெளியே ஏங்கி நின்ற கடமான் குட்டிகளையும் பன்றிக் குட்டிகளையும் பார்த்ததும் அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன கொடுமை இது! நம்ம மைதானத்துக்குள்ள நம்ம பிள்ளைங்களே திருடன் மாதிரி நுழையணுமா? நுழைய முடியாத பிள்ளைங்க எங்க போகும்? கதவத் திறங்கன்னு கேப்போம்! எல்லாரும் ஒண்ணாச் சேந்து கேப்போம்!"

மைனா சொன்னதில் தப்பே இல்லை. அதை இப்போதும் சொல்லுவேன்.

குட்டைக்கரையில் கூட்டம் நடந்தது. 'மாலைநேர மைதானத் திறப்புக் குழு' என்று பெயர் வைத்தார்கள். பேசுவதற்கு அரசாயியை முன்னால் அனுப்பினார்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் பேசினால் கல்லும் கரையும் என்பது மைனாவின் கணக்கு. கரைகிறதா பார்ப்போம் என்று எல்லோரும் கொக்கிடம் போனார்கள்.

"ஐயா, பள்ளிக்கூடம் விட்டப்புறம் மைதானம் சும்மாதானே கெடக்கு? இருட்டுற வரைக்கும் பிள்ளைங்க ஓடிக்கட்டுங்கய்யா," என்றாள் அரசாயி.

"விழுந்தால்?" என்றார் கொக்கு.

"விழுந்தா எந்திரிக்கும்யா."

"அடிபட்டால் யார் பொறுப்பு?"

"நாங்க பொறுப்பு. தினமும் ரெண்டு பேரு வந்து நின்னு பாத்துக்கறோம்."

"வாயால் சொன்னால் ஆயிற்றா? மனுவாகக் கொடுங்கள். நான் மேலிடத்துக்கு அனுப்புகிறேன். அவர்கள் உத்தரவு போட்டால் எனக்கென்ன? தாராளமாகத் திறந்துவிடுகிறேன்!"

மேலிடம் என்றால் மலைமேல் இருக்கும் யானைகள். மனு என்றால், ஈரக் களிமண்ணைப் பலகை மாதிரி தட்டி, எல்லோரும் அதில் கால்தடம் பதித்து, காயவைத்துக் கொடுப்பது. அந்தக் காட்டின் வழக்கம் அது.

திரும்பி வரும் வழியில் மைனா சொன்னது:

"அக்கா, மனு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அந்த ஓட்டைய அடைச்சிடணும்!"

"எதுக்கு?"

"மேலிடத்துலேர்ந்து யாராச்சும் பாக்க வருவாங்க. வேலியில ஓட்டை இருந்தா என்ன சொல்லுவாங்க? 'திருட்டுத்தனமா நுழையற கூட்டம், இதுங்களுக்குக் கதவு ஒரு கேடா'ன்னு சொல்லமாட்டாங்களா? நாம சுத்தமா இருக்கணும்க்கா. நம்மள யாரும் ஒரு குத்தம் சொல்லிடக் கூடாது!"

கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. கடமானும் பன்றியும் இன்னும் பலமாக ஆமாம் என்றன. அவற்றின் பிள்ளைகள்தான் அந்த ஓட்டையில் நுழைய முடியாதே!

அரசாயி தயங்கினாள்.

"பத்தே பத்து நாள்க்கா. கதவே திறந்துடும். அப்புறம் ஓட்டை எதுக்கு?" என்றது மைனா.

அன்று சாயங்காலம் அரசாயியே கல் உருட்டிக்கொண்டு வந்தாள். முள்ளம்பன்றி கிழங்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அது திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா பண்றே?"

"ஓட்டைய அடைக்கறேண்ணே. முறைப்படி கேக்கப்போறோம்."

"கேளு தாயி, நல்லாக் கேளு. அதுக்கு இத எதுக்கு அடைக்கறே? இங்க ஒரு ஓட்டை இருக்குன்னு இத்தனை நாளா நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. வாத்தியாரும் கேட்டதில்ல!"

"குழுவுல முடிவு பண்ணியாச்சுண்ணே."

முள்ளம்பன்றி அதற்குமேல் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக் கிழங்கைத் தின்கிற வாய் அது. எவ்வளவுதான் பேச முடியும்?

அரசாயி ஏழு கல் வைத்தாள். இடுக்கெல்லாம் களிமண் பூசினாள். மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்தாள். எதையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

"நான் எங்கம்மா ஓடறது?" என்றாள் மொட்டு.

"பத்து நாள் பொறுடி கண்ணு. அப்புறம் பெரிய கதவு வழியா ராணி மாதிரி போலாம்!"

பத்து நாளில் முதல் மனு காய்ந்தது. அதில் நாற்பத்திரண்டு கால்தடங்கள். கொக்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கே ஒரு விரிசல் இருக்கிறதே! இதை மேலே அனுப்பினால் என்னையல்லவா கேட்பார்கள்? வேறு செய்து கொண்டுவாருங்கள்!"

வேறு செய்தார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி அடைமழையில் களிமண் எங்கே காயும்? தடமெல்லாம் கரைந்து குழம்பாகிவிட்டது. மூன்றாவது மனுவை ஒரு பாறைக்கடியில் வைத்து, ஆளுக்கு ஒரு பொழுது காவல் இருந்து காயவைத்தார்கள். அது மலைக்குப் போய்ச் சேர்ந்தது. யானைகள் பார்த்த அன்றைக்கே, "பிள்ளைகள்தானே, விளையாடட்டும்!" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! "விளையாடட்டும் என்று இருக்கிறது. எத்தனை மணி வரை என்று இல்லையே?" என்று விளக்கம் கேட்டுக் கொக்கு அந்த உத்தரவைத் திருப்பி அனுப்பினார்.

அரசாயி தினமும் போய் நின்றாள்.

"ஐயா, என்னாச்சுங்கய்யா?"

"பரிசீலனையில் இருக்கிறது."

"அது எப்பய்யா முடியும்?"

"முடிந்ததும் சொல்லுவோம்!"

மொட்டு பாறைகளுக்கு நடுவில் ஓடிப் பார்த்தாள். நாலு பாய்ச்சல் பாய்வதற்குள் ஒரு பாறை குறுக்கே வரும். நின்று, சுற்றிக்கொண்டு, மறுபடியும் ஓடுவாள். நின்று திரும்பத்தான் அவள் கற்றுக்கொண்டாள். ஓட்டத்தில் திரும்புவது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனது. உடம்பு மட்டும் வளர்ந்தது.

பூட்டிய மைதானத்திலும் ஒன்று வளர்ந்தது. முதலில் புல். கொக்குக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்கள், எவ்வளவு பசுமை! யாரும் மிதிக்காமல் இருந்தால் ஓர் இடம் எப்படி இருக்கும் பாருங்கள்!" என்றார். மைனாவும் "ஆமாங்கய்யா, ரொம்ப அழகா இருக்குங்கய்யா!" என்றது. இந்த நேரத்தில் அவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாதாம்.

குருவிகள் பழம் தின்று விதை போட்டன. புல்லுக்கு நடுவில் உண்ணிச்செடி முளைத்தது. பிள்ளைகள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லத்தான் செய்தார்கள். "உத்தரவு வரட்டும், பாத்துக்கலாம்!" என்றார்கள் பெரியவர்கள்.

அரசாயிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வேலி இடுக்கில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தாள். மைனாவிடம் ஓடினாள்.

"உள்ள செடி மொளைச்சுக் கெடக்கு மைனா. ஓட்டையத் தொறந்து பிள்ளைங்கள உள்ள விட்டா என்ன?"

"ஐயய்யோ! இப்பப் போயா? உத்தரவு வாசப்படி வரைக்கும் வந்தாச்சுக்கா! இந்த நேரத்துல ஓட்டையத் தொறந்தா இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாயிடும்!"

அரசாயி நாவல் மரத்தடிக்குப் போனாள். ஒரு கல்லின்மேல் கால் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்கழி பிறந்தது. பனியோடு உத்தரவும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இருட்டும்வரை மைதானம் எல்லோருக்கும் பொது! காடே கூடியது. கதவில் ஆவாரம்பூ மாலை தொங்கியது. மைனா ஒரு கிளையில் ஏறி நின்று முழங்கியது.

"இது நம்ம ஒற்றுமைக்குக் கெடைச்ச வெற்றி! முறைப்படி கேட்டோம், முறைப்படி வாங்கினோம்!"

"நான் என்றைக்குமே பிள்ளைகள் பக்கம்தான்!" என்றார் கொக்கு. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். கொக்கு சாவியைத் திருப்பினார். கதவைத் தள்ளினார்.

கதவு நகரவில்லை.

பன்றி வந்து முட்டித் தள்ளியது. ஒரு சாண் திறந்தது. அந்த இடுக்கு வழியாக முள்ளும் தண்டும் வெளியே நீட்டின. உள்ளே கடமான் உயரத்துக்கு உண்ணிச்செடி நின்றது. பிள்ளைகள் வணக்கம் சொல்லுகிற மூலை மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மொட்டையாக இருந்தது. மற்றபடி அங்கே மைதானம் என்று ஒன்று இல்லை.

முள்ளம்பன்றிதான் வாயைத் திறந்தது.

"இந்த எடத்த நான் ஒரு நாளும் வெட்டினதில்ல, செதுக்கினதில்ல. சாயங்காலம் இந்தக் குட்டிங்க ஓடி ஓடி மிதிச்சதுலதான் ஒரு செடியும் தலை தூக்காம கெடந்துச்சு. ஓட்டைய அடைச்ச அன்னைக்கே மைதானம் போயிடுச்சு தாயி!"

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா!" என்று பன்றி முனகியது.

கொக்கு தொண்டையைச் செருமினார். "உத்தரவுப்படி நான் கதவைத் திறந்துவிட்டேன். செடிக்கு நான் பொறுப்பில்லை!"

அப்போதுதான் மேட்டுப் பக்கத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது.

செந்நாய்கள் வேட்டையில் குரைப்பதில்லை. ஒன்றையொன்று விசில் அடித்துக் கூப்பிடும். காடு முழுக்க ஒரே இடத்தில் கூடி நிற்பது அவற்றுக்கு எவ்வளவு வசதி! கொக்குதான் முதலில் பறந்து மரத்தில் ஏறினார். மற்றவர்கள் மூலைக்கு ஒருவராகச் சிதறி ஓடினார்கள்.

மொட்டும் ஓடினாள். நேராக, நன்றாக ஓடினாள். பின்னால் ஒரு செந்நாய் வந்தது.

"திரும்புடி! வெட்டித் திரும்பு!" என்று அரசாயி எங்கிருந்தோ கத்தினாள்.

மொட்டுக்குக் கேட்டது. திரும்பினாள். குப்புற விழுந்தாள். புரண்டு எழுந்து மறுபடியும் ஓடினாள். பயத்தில் கால் பழகிய வழிக்குத்தான் போகும். அவள் கால் நாவல் மரத்துக்குப் போனது. அந்த ஓட்டைக்குள் தலையை நுழைத்துவிட்டால் எந்தச் செந்நாயும் அவளைத் தொட முடியாது. உள்ளே புதரோ முள்ளோ, முயலுக்கு அது கோட்டை.

அங்கே ஏழு கல் இருந்தது. மொட்டு முன்னங்கால்களால் பறண்டினாள். அம்மா கெட்டியாகத்தான் வைத்திருந்தாள்.

அதற்குமேல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. செந்நாய்கள் போன பிறகு அரசாயி அங்கே வந்தபோது, ஒரு கல் மட்டும் கொஞ்சம் அசைந்திருந்தது. பூசிய களிமண்ணில் சின்னச் சின்ன நகக்கீறல்கள் இருந்தன.

கொக்கு அன்றைக்கே மலைக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். 'சம்பவம் வேலிக்கு வெளியே நடந்ததால் பள்ளிக்குப் பொறுப்பு இல்லை.' அந்தக் களிமண் மட்டும் ஒரு விரிசல்கூட இல்லாமல் ஒரே நாளில் காய்ந்தது.

மறுநாள் மைனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது.

"அக்கா... நான் நல்லதுக்குத்தான்க்கா சொன்னேன்."

"சொன்னது நீ. கல்லை வெச்சது நான்தானே?" என்றாள் அரசாயி. அவள் குரலில் கோபம்கூட மிச்சம் இல்லை. "நாம கேட்டது தப்பில்ல மைனா. கேட்டுக்கிட்டே பிள்ளைங்கள ஓட விட்டிருக்கணும்."

அவள் ஏழு கல்லையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தாள். ஓட்டை வழியே உள்ளே போனாள். ஓர் உண்ணிச்செடித் தண்டைக் கடித்தாள். கசந்தது. துப்பிவிட்டு அடுத்ததைக் கடித்தாள். மறுநாள் சாயங்காலமும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். நாலைந்து குட்டிகள் அவள் பின்னாலேயே வந்து, அவள் கடித்துப் போட்ட இடத்தில் குதித்து மிதித்தன. முள்ளம்பன்றி வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தமாகக் கிழங்கு தின்றது.

தை முடிவதற்குள் உள்ளே ஒரு தடம் உண்டாயிற்று. ஒரு முயல்குட்டி ஓடித் திரும்பும் அகலம், அவ்வளவுதான். பழைய மைதானத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மொட்டு ஓட வேண்டிய இடத்தில் யார் யார் பிள்ளைகளோ ஓடின.

"அம்மா! இன்னைக்கு நாலு தடவ திரும்பிட்டேன்!" என்று ஒரு குட்டி வேலிக்கு வெளியே இருந்த தன் தாயைப் பார்த்துக் கத்தியது.

அரசாயி தலையைத் தூக்கவில்லை. அடுத்த தண்டைக் கடித்தாள்.

பொது இடம் புழங்கப் புழங்கத்தான் பொது இடமாக இருக்கும்; ஆகவே, உரிமையைக் கேட்டு நிற்பவர்கள் உத்தரவை நம்பி, இருக்கிற வழியைத் தங்கள் கையாலேயே அடைத்துவிடக் கூடாது.